கடைசிக் கவளம்

பிளாஸ்டிக் குழாய் முதலாளி ஒருவர் மலையில் மயங்கி விழுந்ததால், பேருந்து ஓட்டுநர் கசியான் பன்றிக்கறியை விட வேண்டி வந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஷ்ராட்டன்பாக் மேல்மலை வேட்டையர் சங்கத்தில் ஒரு நாளும் உறுப்பினராக இருந்திருக்க மாட்டார்கள்.

முதலாளி வடக்கே ஜெர்மனியிலிருந்து வந்த விருந்தாளி. ஒரு மலையாட்டுக் கிடாவைச் சுடுவதற்குப் பணம் கட்டிவிட்டு, புதுச் சப்பாத்து கிறீச்சிட மலையேறினார். மேல்குடிசையைத் தாண்டியதும் வெட்டிய மரம்போல் சாய்ந்தார். கசியானும், சங்கத்தில் கொம்பு ஊதும் ரோமெடியும், இன்னும் இரண்டு பேரும் அவரைத் தார்ப்பாயில் போட்டுக் கீழே தூக்கி வந்தார்கள். சங்கம் உடனே விசாரணைக் குழு அமைத்தது. தூக்கியவர்கள் வழியில் பல இடங்களில் நின்று மூச்சு வாங்கினார்கள் என்று குழு கண்டுபிடித்தது. முதலாளிக்கு மூச்சு வாங்கவே இல்லை, அவர் படுத்திருந்தார். ஆகவே குறை உறுப்பினர்களிடம்தான் என்று முடிவாயிற்று.

சங்கத் தலைவர் அரசவை ஆலோசகர் எக்பெர்ட் ஸ்டாஃப்லர். ஆஸ்திரியாவில் அரசனும் அரசவையும் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆலோசனை மட்டும் இன்னும் நின்றபாடில்லை. எங்கள் திரோல் மலைகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் மந்திரியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் எல்லோரும் 'நீ'தான்; பட்டமெல்லாம் பள்ளத்தாக்கோடு சரி. சங்க மண்டபத்தை அந்த ஆயிரம் மீட்டர் கோட்டுக்குச் சற்றுக் கீழே கட்டியவர் ஆலோசகர். அது தற்செயல் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சடங்கு என்றால் அவருக்கு உயிர். சுட்டு வீழ்த்திய மிருகத்தின் வாயில் ஒரு பச்சைக் கிளையை வைப்பது எங்கள் வழக்கம். கடைசிக் கவளம் என்று பெயர். அதை வைத்ததும் எல்லோரும் தொப்பியைக் கழற்ற வேண்டும், பேச்சு நிற்க வேண்டும், கொம்பு ஊதி முடியும்வரை யாரும் அசையக் கூடாது. ஒருமுறை கசியானின் பேருந்தில் முயல் ஒன்று அடிபட்டுவிட்டது. வண்டியில் ஆலோசகர் இருந்தார். பயணிகள் அத்தனை பேரையும் இறக்கி, சாலையோரம் வரிசையில் நிறுத்தி, முயல் வாயில் கிளை வைத்து, ரோமெடி வீட்டிலிருந்து கொம்போடு ஓடிவரும்வரை தலையில் மழை சொட்டச் சொட்ட நிற்க வைத்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்குப் பாதிப் பிள்ளைகள் இல்லை. அதிலிருந்து எங்கள் ஊரில் யார் வாயிலாவது பச்சையாக ஏதாவது தென்பட்டால் கை தானாகத் தொப்பிக்குப் போகும்.

அந்த ஆலோசகர்தான் கோடை முடிவில் பொதுக்கூட்டம் கூட்டினார். எதிரே புளித்த முட்டைக்கோசு, வறுத்த பன்றித்தொடை, டென்னிஸ் பந்து அளவுக்கு மூன்று ரொட்டி உருண்டைகள். அவற்றின்மேல் முள்கரண்டியை நட்டுக்கொண்டே பேசினார்.

"அன்பான வேட்டைத் தோழர்களே! நம்ம உடம்பு நம்ம சொத்து இல்லை. அது சங்கத்தோட சொத்து. இனிமே மலைத்தகுதிச் சான்று வாங்காத எவனும் காட்டுக்கு மேலே துப்பாக்கியோட போகக்கூடாது. நல்லாச் சாப்பிடணும், உடம்பைத் தேத்தணும். கட்டுப்பாடு வேணும் தோழர்களே, கட்டுப்பாடு! ஏம்மா, அந்தக் குழம்பு இன்னும் கொஞ்சம்..."

"விருந்தாளிங்களுக்கும் இந்தச் சான்று உண்டா?" என்று பின்வரிசையிலிருந்து ரோமெடி கேட்டான்.

"விருந்தாளி பணம் கட்டறாரு. பணம் கட்டறவரோட உடம்பை நாம எப்படிக் குறை சொல்றது? அது பண்பாடா?"

"தலைவருக்கு?"

"நான் நிர்வாகத் தகுதியில இருக்கேன்" என்றார் ஆலோசகர். எல்லோரும் கைதட்டினார்கள்.

கசியான் தட்டவில்லை. அவன் வீடு ஊரின் கடைசி வீடு. பேருந்தின் கடைசி நிறுத்தமும் அதுதான். வீட்டுக்கு மேலே செங்குத்தான சரிவு. அங்கே நின்ற பழைய காட்டைப் புயல் சாய்த்துவிட்டது. வனத்துறை புதிதாக ஊசியிலைக் கன்றுகளை நட்டது. கன்றுகள் வளர்ந்தால்தான் பனி மேலே நிற்கும். இல்லாவிட்டால் கீழே வரும். கீழே என்றால் கசியானின் சமையலறை. போன குளிர்காலத்தில் பனி விறகுக் கொட்டகைவரை சரிந்து வந்து, விலாசம் விசாரிக்க வந்ததுபோல் நின்றுவிட்டுப் போயிருந்தது.

கன்றுகளோ வளர்கிற வழியாக இல்லை. ஒரு மலையாட்டுக் கூட்டம் தினமும் இறங்கி வந்து குருத்துகளைக் கடித்துத் தின்றது. கூட்டத்துக்குத் தலைமை ஒரு கிழட்டுப் பெட்டை. பரிவாரத்தோடு வந்து ஊர்ச் செலவில் சாப்பிட்டுப் போவதால் கசியானின் மனைவி புர்கி அதற்கு மேயரம்மா என்று பேர் வைத்திருந்தாள். மேயரம்மாவைச் சுட்டால் கூட்டம் வேறு சரிவுக்குப் போய்விடும் என்று வனத்துறை எழுதிக் கொடுத்தது. சீட்டுக் குலுக்கியதில் அந்த வேட்டை கசியானுக்கே விழுந்தது. டிசம்பர் நடுவில் பருவம் முடிவதற்குள் சுட வேண்டும். ஆனால் சான்று இல்லாமல் தோட்டா இல்லை.

"அப்போ போய் அந்தச் சான்றை வாங்கிட்டு வா" என்றாள் புர்கி. "உன் தொந்தியைப் பார்த்தா எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

தொந்தி இருந்தது உண்மைதான். நாள் முழுக்க ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது கூடவே பயணம் செய்கிற ஆள். கசியான் மறுநாளே சங்கத்தின் கறிக்கூடத்துக்கு எடை பார்க்கப் போனான். சங்கத்திடம் இருந்தது ஒரே ஒரு தராசு. வேட்டை மிருகத்தைத் தொங்கவிட்டு நிறுப்பது. இடுப்புவாரில் கொக்கியை மாட்டி அவனைத் தூக்கினார்கள். அவன் காற்றில் மெல்லச் சுழன்றபடி எடையைக் கேட்டான்.

"பொறு" என்றார் எழுத்தர். "சங்கப் பதிவுல எடைன்னா குடல் எடுத்த எடைதான். உனக்குக் குடல் எடுக்கல. அதனால மூணுல ஒரு பங்கு கழிக்கணும்."

கழித்தார். கசியான் எலும்பும் தோலுமான ஆளாகிப் போனான்.

"இவ்வளவு மெலிஞ்ச உடம்போட மலைக்கா? சத்துக்குறைவுன்னு எழுதறேன்" என்று எழுத்தர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து வயதையும் எழுதிக்கொண்டார். பிறந்த தேதி தனக்கே தெரியும் என்று கசியான் சொன்னதற்கு, எல்லாக் கிடாவும் அப்படித்தான் சொல்லும் என்றார்.

சத்துக்குறைந்தவர்களைத் தேற்றுவதற்கு வியன்னாவிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். மாஜிஸ்டர் தியோடோரா. மாஜிஸ்டர் என்பது படித்து வாங்கிய பட்டம். அதைச் சொல்லாமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. அவர் கண்டுபிடித்த தத்துவம் எளிமையானது.

"மலையாடு மூச்சு வாங்கிப் பார்த்திருக்கீங்களா? இல்லை. தொந்தி வெச்ச மலையாடு? இல்லை. அது பன்றிக்கறியா சாப்பிடுது? உருண்டையா சாப்பிடுது? மலையாடு என்ன சாப்பிடுதோ அதையே சாப்பிடுங்க, மலையாடு மாதிரி ஏறுவீங்க."

"மாஜிஸ்டர் அம்மா, மலையாடு அதைச் சாப்பிட்டுட்டு உடனே அசை போடுதே. எனக்குப் பேருந்து ஓட்டணும்" என்றான் கசியான்.

"அதுவும் பயிற்சிதான்" என்றார் மாஜிஸ்டர்.

இலையுதிர்காலம் முழுக்க கசியான் ஓட்ஸ், பாசி, காட்டுக்கீரை என்று மென்றான். புர்கி புகைக்கூண்டில் தொங்கவிட்டிருந்த பன்றிக்கறிகள் ஒவ்வொன்றாய்க் கறுத்து மணம் வீசின. அந்த மணத்தில் அவனுக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. தூக்கத்தில் கால் உதறியது. பேருந்தில் அவன் வயிறு போட்ட இரைச்சலைக் கேட்டு இன்ஜின் கோளாறு என்று ஒரு சுற்றுலாக்காரர் புகார் எழுதினார். ஒவ்வொரு முறை கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பும்போதும் அண்ணாந்து சரிவைப் பார்ப்பான். மேயரம்மா அங்கே நிதானமாக மென்றுகொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே சாப்பாடு. உடம்பு தேறியது அவளுக்கு மட்டும்தான்.

"ஒரு துண்டு சாப்பிடேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் புர்கி.

"மூச்சை மோந்து பார்க்கறாங்க புர்கி. ரோமெடி ஒரு விரல் அளவு வெண்ணெய் நக்கினான், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க."

"வீட்டைக் காப்பாத்தப் போறியா, இல்ல சாமியாராப் போறியா?"

அவனுக்கே தெரியவில்லை. பசியைவிட அவனை அரித்தது நாட்கள் போகிற வேகம்தான். முதல் பனி உச்சிகளில் விழுந்துவிட்டது.

அப்போதுதான் மாஜிஸ்டர் மூன்றாம் கட்டத்தை அறிவித்தார். மலையாட்டின் பலமெல்லாம் ஊசியிலைக் குருத்தில் இருக்கிறதாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தினம் ஒரு கூடை குருத்து. அதுவும் இளங்கன்றின் நுனிக்குருத்தாக இருக்க வேண்டும், கடைச்சரக்கு ஆகாது. ஊருக்குப் பக்கத்தில் இளங்கன்று இருக்கிற இடம் ஒன்றே ஒன்று.

மறுநாள் மத்தியானம் கசியான் வண்டியைத் திருப்பிவிட்டு அண்ணாந்தான். சரிவில் மேயரம்மாவைக் காணோம். சங்கம்தான் இருந்தது. முப்பது பேர் கூடையும் கையுமாகக் கன்று கன்றாகக் கிள்ளிக்கொண்டு வந்தார்கள். கசியான் பயணிகளை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினான்.

"டேய், டேய்! அது என் வீட்டுக்கு மேல இருக்கற காடுடா!"

ரோமெடி வெட்கத்தோடு நிமிர்ந்தான். "கோவிச்சுக்காதடா. நுனி மட்டும்தான் கிள்றோம். வேரைத் தொடல."

"நுனி போனா கன்னு எப்படிடா வளரும்? மேயரம்மாவும் நுனியைத்தானே தின்னுச்சு!"

"ஆனா நீ இப்போ எவ்வளவு வேகமா ஓடி வந்தே பார்த்தியா?" என்றான் ரோமெடி. "மூச்சே வாங்கல. குருத்து வேலை செய்யுதுடா."

கசியான் அவனை அடித்திருப்பான். கீழே பேருந்தில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

வனத்துறை வந்து பார்த்தது. கடிபட்ட கன்றுகள் இரண்டு மடங்காகிவிட்டன, ஆகவே மலையாடுகளும் இரண்டு மடங்காகிவிட்டன என்று அறிக்கை கொடுத்தது. சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. "ஆடு பெருகினா வேட்டைக்காரனும் பெருகணும். இன்னும் அதிகம் பேரைத் தகுதியாக்குவோம்!" என்றார் ஆலோசகர். அடுத்த வாரத்திலிருந்து உறுப்பினர்களின் மனைவிமார்களும் கூடையோடு வந்தார்கள்.

கசியான் ஆலோசகரையே நேரில் போய்ப் பார்த்தான். அவர் அப்பொழுது உருண்டையை நூலால் அறுத்துக்கொண்டிருந்தார். கத்தி பட்டால் உருண்டைக்கு அவமானம் என்பது அவர் கொள்கை.

"ஐயா, சான்று பின்னாடி வரட்டும். ஒரே ஒரு தோட்டா கொடுங்க. பருவம் முடியப் போகுது. பனி வந்தா நாங்க எங்க போவோம்?"

"கசியான், உன் அவசரம் எனக்குப் புரியுது" என்றார் ஆலோசகர் கனிவாக. "ஆனா உனக்கு ஒரு வீடுதான். எனக்கு ஒரு சங்கமே இருக்கு. விதியை ஒருத்தனுக்கு வளைச்சா, நாளைக்கு அது விருந்தாளிக்கு மட்டும் வளையற விதியா இருக்காதே!"

பருவத்தின் கடைசி நாளன்றுதான் இறுதித் தேர்வு. கசியான் துப்பாக்கியோடு ஏறினான். மாஜிஸ்டர் பின்னால் வந்தார். அவன் மார்பில் ஒரு பட்டையைக் கட்டியிருந்தார். அது இதயத்துடிப்பை அவர் கையிலிருந்த கருவிக்குச் சொல்லும். கசியான் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து அவரே அசந்துபோனார். பாறை முனையைத் தாண்டியதும் கசியான் குப்புறப் படுத்தான். எதிரே, கூப்பிடு தூரத்தில், மேயரம்மா. மிச்சமிருந்த ஒரு குருத்தை மென்றுகொண்டிருந்தாள். அவள் காலுக்குக் கீழே சரிவு மொட்டையாக இறங்கியது. அதற்கும் கீழே அவன் வீட்டுப் புகைக்கூண்டு தெரிந்தது.

"சுடாதீங்க" என்று மாஜிஸ்டர் கிசுகிசுத்தார். "துடிப்பு அதிகமா இருக்கு. மனசு அமைதியானாத்தான் அனுமதி."

"அது என் வீட்டைத் தின்னுக்கிட்டு இருக்கு அம்மா. எப்படி அமைதியாவேன்?"

"மூச்சை இழுத்து விடுங்க. நல்லதா ஏதாவது நினைச்சுப் பாருங்க."

கசியான் கண்ணை மூடி நல்லதாக நினைத்துப் பார்த்தான். பன்றிக்கறி உருண்டை வந்தது. துடிப்பு இன்னும் எகிறியது. கண்ணைத் திறந்தபோது மேயரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பாடு முடிந்த மனுஷிபோல் திரும்பி, அவசரமில்லாமல் முகட்டைத் தாண்டிப் போய்விட்டாள். கசியான் துப்பாக்கியை வைத்துவிட்டு அழுதான். மாஜிஸ்டர் கருவியைப் பார்த்தார்.

"இப்போ துடிப்பு இறங்கிடுச்சு. நீங்க தேறிட்டீங்க! வாழ்த்துகள்" என்றார்.

பிப்ரவரியில், ஞாயிற்றுக்கிழமைப் பகலில், சங்கத்தின் ஆண்டு விழா. ஊரே வந்திருந்தது. அந்த ஆண்டின் சிறந்த மலைத்தகுதியாளர் என்று கசியானைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வராவிட்டால் சான்று ரத்தாகும் என்று சொல்லிவிட்டதால் அவனும் புர்கியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கசியானுக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து ஜன்னலுக்குப் போனான். மேடையில் ஆலோசகருக்கும் குழுவுக்கும் வறுத்த பன்றித்தொடையும் உருண்டைகளும் வந்தன. பரிசு பெறுபவர்களுக்குக் குருத்து ரசம். ஆலோசகர் தொப்பியில் நீளமான இறகு ஆட, கசியானை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு பச்சை ஊசியிலைக் கிளையைப் பரிசாகக் கொடுத்தார். அது எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று கசியானுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

அப்போது கதவு திறந்தது. தலை முதல் கால்வரை வெள்ளையாகத் தீயணைப்புக்காரர் ஒருவர் நின்றார்.

"கசியான், மேல் சரிவு வந்துடுச்சு" என்றார். "உங்க சமையலறை போச்சு. புகைக்கூண்டு, கொட்டகை, எல்லாம் போச்சு. யாருக்கும் அடியில்ல. நீங்க ரெண்டு பேரும் இங்க இருந்தது நல்லதாப் போச்சு."

புர்கி வாயைப் பொத்திக்கொண்டாள். "கறி," என்றாள் முதலில். "ஒரு துண்டுகூடத் தொடலயே நீ." அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் நின்று சமைத்த இடம் அது. கசியான் கிளையைப் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கத் திரும்பினான்.

ஆலோசகர் கையை உயர்த்தினார். மண்டபம் அடங்கியது.

"தோழர்களே! இந்த நிமிஷத்தை மறந்துடாதீங்க. கசியான் ஏன் உயிரோட இருக்கான்? விழாவுக்கு வந்ததால. விழாவுக்கு ஏன் வந்தான்? பரிசு வாங்க. பரிசு ஏன்? மலைத்தகுதி! ஒரு சமையலறை போகலாம். ஆனா கட்டுப்பாடு நிலைச்சிருக்கு. சமையலறை இல்லாதவன் கண்டதையும் சாப்பிட மாட்டான், இதைவிடப் பெரிய பயிற்சி உண்டா? அடுத்த வருஷம் நம்ம கசியானோட சரிவையே திட்டத்துக்காக—"

வாய் திறந்தே இருந்தது. கசியான் ஓர் எட்டு முன்னால் வந்து, கையிலிருந்த பச்சைக் கிளையை ஆலோசகரின் பற்களுக்கு நடுவே குறுக்காக வைத்தான். மெதுவாக, முறைப்படி, மிருகத்துக்கு வைப்பதுபோல. பிறகு தன் தொப்பியைக் கழற்றினான்.

முதலில் எழுந்தது ரோமெடி. அவன் கை பழக்கத்தில் கொம்புக்குப் போயிற்று. நாற்காலிகள் நகர்ந்தன. முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள், தொப்பிகள் இறங்கின. மாஜிஸ்டர் எதுவும் புரியாமல் தன் தலைத்துணியை அவிழ்த்தார். மலையாடு விழுந்தது என்று அறிவிக்கும், ஊரெல்லாம் அறிந்த அந்தப் பாட்டைக் கொம்பு நீளமாக, துக்கமாக ஊதத் தொடங்கியது. ஆலோசகரின் கண்கள் உருண்டன. கிளை நடுங்கியது. ஆனாலும் சடங்கு சடங்குதான். அவர் கையும் உயர்ந்து சொந்தத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டது.

"உக்காந்து சாப்பிடு" என்றாள் புர்கி. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆலோசகரின் தட்டைக் கசியான் பக்கம் தள்ளினாள். "தோண்டணும். வெறும் வயித்தோட தோண்ட முடியாது."

அந்த மண்டபத்திலேயே அசைந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். கசியான் உருண்டைகளைக் கத்தியால் அறுத்து, குழம்பில் புரட்டி, கடைசித் துணுக்குவரை சாப்பிட்டான். மூலையில் பனி அள்ள வைத்திருந்த மண்வெட்டிகளில் இரண்டை எடுத்துக்கொண்டு இருவரும் பனிக்குள் இறங்கினார்கள். கொம்பு ஓய்ந்ததும் ரோமெடி ஒரு மண்வெட்டியோடு பின்னால் ஓடினான், அவன் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

ஆலோசகர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கவளத்தை வாயில் வைப்பதற்குச் சங்கத்தில் பதினோரு விதிகள் உண்டு. வெளியே எடுப்பதற்கு விதி ஏதும் அவர் எழுதி வைக்கவில்லை.